பெரிய தெருவுக்கு வடிகால் எங்கே?

போன தீபாவளிக்கு முந்தின ராத்திரி, பதினொன்றேகால் மணி இருக்கும். கும்பகோணம் பெரிய தெருப் பக்கம், துணிக்கடையும் பாத்திரக்கடையும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கிற ஒரு சின்னக் கடைத்தெருவின் முனையில், காக்கி உடுப்பும் தொப்பியுமாக, கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மறுநுனி எதிர்ப்பக்கம், என்னோடு டூட்டி பார்க்கிற தங்கச்சி கையில். கயிறு என்றதும் பெரிய ஏற்பாடு என்று நினைத்துவிட வேண்டாம். கொல்லையில் துணி காயப்போடுவோமே, அந்த நைலான் கயிறுதான்.

பகலில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்து வருஷமாக ஊர்க்காவல் படையிலும் இருக்கிறேன். தேர், திருவிழா, தலைவர்கள் வருகை, தீபாவளி என்று எங்கே கூட்டம் கூடினாலும் எங்களை அனுப்புவார்கள். பெண்கள் வரிசை, காணாமல்போன பிள்ளைகள், மயங்கி விழுந்த பாட்டிகள், பெரும்பாலும் இதுதான் என் பங்கு. அதனால் இதைப் போக்குவரத்து நிபுணர் எழுதினதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கயிறு பிடித்தவள் பார்த்தது, அவ்வளவுதான்.

மழை வருகிற வரைக்கும் கூட்டம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நெருக்கம்தான், ஆனால் நகர்ந்தது. ஐப்பசியில் கொண்டுபோய்த் தீபாவளியை வைத்தவர்கள் டெல்டாவைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு கோபம் உண்டு. தூறல் விழுந்ததும் நடுத்தெருவில் நடந்துகொண்டிருந்த அத்தனை பேரும் இரண்டு பக்கமும் கடைப் பந்தலுக்குள் ஒதுங்கினார்கள். ஒதுங்கினவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு அது தெரியாது, அவர்கள் பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். தரைக்கடைக்காரர்கள் தார்ப்பாயை இழுத்து மூட, சிலர் குடையை விரிக்க (ஒரு குடை மூன்று ஆள் இடத்தை விழுங்கிவிடும்), இதற்கு நடுவில் புருஷன், பெண்டாட்டி, பிள்ளை, நாலு கட்டைப்பை சகிதம் ஒரு ஸ்கூட்டி, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல், ஹாரனை மட்டும் விடாமல் அடித்துக்கொண்டு.

முதலில் எனக்குத் தெரிந்தது சத்தம் மாறினதுதான். அதுவரைக்கும் "எதை எடுத்தாலும் நூறு, எதை எடுத்தாலும் நூறு" என்று கூவல் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றுபோய், "ஏய் தள்ளாதே", "குழந்தை இருக்குய்யா" என்று பல குரல் ஒரே சமயத்தில் எழும்பியது. கடைத்தெருவில் கூவுகிறவன் வாயை மூடிவிட்டால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

எங்களோடு இருந்த ஏட்டய்யா விசில் ஊதினார். விசிலுக்குக் கூட்டம் திரும்பிப் பார்க்கும், நகராது. நகர இடம் இருந்தால்தானே நகரும்? நான் கயிற்றை விட்டுவிட்டு ஓரமாக உள்ளே புகுந்தேன். ஒரு ஐந்து வயதுப் பெண் குழந்தை, புதுப் பாவாடை இருந்த பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, பெரியவர்களின் இடுப்பு மட்டத்தில் முகம் அழுந்தி நின்றது. அழவில்லை. அதுதான் எனக்குப் பகீரென்றது, அழுவதற்குக்கூட மூச்சு வேண்டுமே. அம்மாவின் கை மேலே நீண்டு பிள்ளையின் கையைப் பிடித்திருந்தது, ஆனால் அம்மா இரண்டு ஆள் தள்ளி இருந்தாள். பிள்ளையைத் தூக்கித் தலைக்கு மேலாகக் கொடுக்க, யாரோ வாங்கி, யாரோ வாங்கி, ஒரு பாத்திரக்கடைப் படியில் உட்காரவைத்தார்கள்.

அந்தப் படியைப் பார்த்தபோதுதான் ஒன்று தோன்றியது. எங்கள் ஊரில் பழைய வீடுகள் எல்லாம் நீளவாக்கில் போகும். வாசல் ஒரு தெருவில் இருந்தால் கொல்லைக் கதவு பின்னால் உள்ள சந்தில் திறக்கும். கடையாக மாறின பிறகும் உள்ளே அதே வீடுதான்.

"முதலாளி, பின்னால வழி இருக்கா?"

"கொல்லக் கதவு இருக்கும்மா. ஆனா அட்டப்பெட்டி அடுக்கியிருக்கு."

"எடுக்கச் சொல்லுங்க."

அவர் ஒரு விநாடி யோசித்தார். தீபாவளி வியாபாரம், கடை நிறைய எவர்சில்வர், யார் எதைத் தூக்கிக்கொண்டு போவார்களோ என்று யோசித்திருப்பார், நானாக இருந்தாலும் யோசித்திருப்பேன். அப்புறம் பையன்களைக் கூப்பிட்டார். இரண்டு நிமிஷத்தில் பெட்டிகள் ஓரத்துக்குப் போயின. குக்கர் வரிசையைத் தாண்டி, சாமி படத்தைத் தாண்டி, மூடி போட்ட கிணற்றைத் தாண்டி, கொல்லைக் கதவு வழியாகச் சந்துக்கு ஆட்கள் போக ஆரம்பித்தார்கள். இருநூறு பேருக்குக் குறையாது. கால் மணி நேரத்தில் தெரு தளர்ந்தது. ஒரு டம்ளர்கூடக் காணாமல்போகவில்லை என்று முதலாளி மறுநாள் சொன்னார், சொல்லும்போது அவருக்கே ஆச்சரியம்.

இதே நேரம் முனையில் தங்கச்சி, "உள்ள மழைக்கு நிக்கிறாங்க, பத்து நிமிஷம் பொறுத்து வாங்க" என்று புது ஆளை விடாமல் நிறுத்தியிருந்தாள். தனியாகக் கயிறு பிடிக்க முடியாமல் மின்கம்பத்தில் கட்டப் போனவளை, உள்ளே நுழைவதற்கு முன்னால் நான் கத்தித் தடுத்திருந்தேன், நிறுத்தியிருந்த ஒரு பைக்கின் கேரியரில் கட்டினாள். 2022இல் தஞ்சாவூருக்குப் பக்கத்துக் களிமேட்டில் ராத்திரித் தேர் உயர்மின் கம்பியில் உரசிப் பதினோரு பேர் போனார்களே, அதிலிருந்து ஈரத்தில் கம்பம், கம்பி என்றாலே எங்களுக்குக் கை கூசும்.

ஒன்றும் ஆகவில்லை. அதனால் செய்தியிலும் வரவில்லை. மிச்சமானது ஒரு கூடை ஒற்றைச் செருப்பு.

அந்தச் சமயம் கரூரில் அரசியல் கூட்டத்து நெரிசல் நடந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. 2025 செப்டம்பர் 27, நாற்பத்தொரு பேர் போனார்கள். அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டு டீவியில் அதுவே ஓடிக்கொண்டிருந்தது, யார் மேல் தப்பு என்கிற சண்டையாக. எனக்கு அந்தச் சண்டையில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படுத்தால் தூக்கம் வராது. நாம் நிற்கிற இடத்தில் இப்படி ஆனால் என்ன செய்வோம்? எங்களுக்குக் கவாத்து சொல்லித் தருகிறார்கள், சல்யூட் அடிக்கச் சொல்லித் தருகிறார்கள். கூட்டம் எந்த இடத்தில் கூட்டமாக இல்லாமல் வேறு ஒன்றாக ஆகிறது என்பதை நானாகத்தான் தேடிப் படித்தேன்.

படித்ததை என் பாஷையில் சொல்கிறேன். மூன்றே கால் அடிக்கு மூன்றே கால் அடி, வாசலில் சின்னதாகக் கோலம் போட்டால் வருகிற சதுரம், அதுதான் ஒரு சதுர மீட்டர். அதில் இரண்டு பேர் மூன்று பேர் என்றால் கடை பார்த்துக்கொண்டே நடக்கலாம். நாலு பேர் என்றால் உரசிக்கொண்டு நடக்கலாம். ஆறு, ஏழு என்று ஏறிவிட்டால் அப்புறம் ஆளுக்கு ஆள் தனி நடை என்பதே கிடையாது, கூட்டம் மொத்தமாகத் தண்ணீர் மாதிரி அலையடிக்கும். பின்னால் ஒருவர் தள்ளினால் பத்து ஆள் தள்ளி முன்னால் இருப்பவர் விழுவார். "மிதிபட்டுச் செத்தார்கள்" என்று பேப்பரில் எழுதுகிறார்கள், ஆனால் நிறையப் பேர் போவது நின்ற வாக்கிலேயே, நெஞ்சு விரிய இடமில்லாமல், மூச்சு முட்டி. யாரும் ஓட வேண்டாம், யாரும் பயந்து கத்தக்கூட வேண்டாம். ஓட இடமிருந்தால் அங்கே யாரும் சாகவே மாட்டார்கள்.

2022 அக்டோபர் 29, தென்கொரியாவில் சியோல் நகரத்து இதேவோன். ஹோட்டலும் மதுக்கடையும் நடனக் கூடமுமாக ராத்திரி முழுக்க விழித்திருக்கிற பகுதி அது. ஹாலோவீன் கொண்டாட வந்த இளசுகள் கூட்டம். பெரிய ரோட்டிலிருந்து மேடாக ஏறுகிற ஒரு சந்து, நாற்பது மீட்டர் சொச்சம் நீளம், குறுகின இடத்தில் அகலம் மூன்றே கால் மீட்டருக்கும் குறைவு. கீழே இருந்த மெட்ரோ ரயில் நிலையத்திலிருந்து வருகிறவர்கள் மேலே ஏற, மேலே இருந்தவர்கள் கீழே இறங்க, அந்தச் சந்தில் 159 உயிர். அதைப் படித்தபோது எனக்கு மனதில் ஒட்டிக்கொண்டது எண்ணிக்கை இல்லை. சாயங்காலம் ஆறரை மணிக்கே ஒருத்தர் போலீசுக்கு போன் போட்டு, இந்தச் சந்தில் ஆள் நசுங்கப்போகிறது என்று சொல்லியிருக்கிறார். அசம்பாவிதம் நடந்தது பத்தேகாலுக்கு. நடுவில் இன்னும் பத்து போன். கிட்டத்தட்ட நாலு மணி நேரம் இருந்தது, சந்தை ஒருவழியாக்க. ஒரு கயிறு போதும்.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லை. 1992 மகாமகம், பிப்ரவரி 18, குளத்தங்கரை நெரிசலில் ஐம்பது பேரளவில் போனார்கள். எங்கள் அத்தை அன்றைக்கு அங்கே இருந்தார். இன்றைக்கும் கல்யாண வீட்டில் பந்திக்குக் கதவு திறந்து எல்லோரும் முண்டினால் சுவரில் சாய்ந்து நின்றுவிடுவார். "நீங்க போங்கடி, எனக்குப் பசியில்ல" என்பார். கூட்டம் தணிந்த பிறகு கடைசிப் பந்தியில்தான் உட்காருவார்.

சரி, மறுநாளைக்கு வருகிறேன். தீபாவளி விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியத்தை விழுங்கிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ராத்திரி நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் ராத்திரி பகல் பார்க்காமல் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு மதகு மதகாகப் போய் ஷட்டரை ஏற்றி இறக்கினவர். எல்லாம் கேட்டுவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஒரே வாக்கியம்தான் சொன்னார்.

"தலைமடைய அடைக்காம கடைமடையில நின்னுக்கிட்டு விசில் ஊதுனா தண்ணி கேக்குமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் அன்றைக்கு முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளக் காலத்தில் என்ன செய்கிறார்கள்? கரை உடையப்போகிற ஊரில் நின்றுகொண்டு யாரும் ஆற்றைத் தடுப்பதில்லை. மேலே முக்கொம்பிலேயே, கல்லணையிலேயே தண்ணீரைக் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். பாசனத்துக்குக் காவிரி எவ்வளவு முக்கியமோ வெள்ளத்துக்குக் கொள்ளிடம் அவ்வளவு முக்கியம், அது இல்லாவிட்டால் தஞ்சாவூரும் கும்பகோணமும் எப்போதோ முழுகியிருக்கும். வாய்க்கால் வெட்டினவன் வடிகாலையும் வெட்டுவான். வடிகால் தூர்ந்துபோன ஊரில்தான் ஐப்பசி மழைக்குச் சம்பா நாற்று அழுகுகிறது, மழை பெய்ததால் மட்டும் இல்லை.

கடைத்தெருவுக்கு நாம் வாய்க்காலை மட்டும்தான் வெட்டியிருக்கிறோம். சீரியல் லைட், வரவேற்பு வளைவு, ஆடித் தள்ளுபடி, தீபாவளித் தள்ளுபடி, எல்லாம் உள்ளே இழுக்கிற வேலை. எப்படி வெளியே போவது என்று எந்த வளைவிலும் எழுதியிருக்காது. கூட்டம் சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து சொட்டுச் சொட்டாக உள்ளே வருகிறது, அதில் ஒரு சிக்கலும் இல்லை. வெளியே போவதுதான் ஒரே சமயத்தில். மழை, கடைசி பஸ், இரண்டாவது ஆட்டம், சாமி புறப்பாடு, இந்த நாலில் ஏதாவது ஒன்று எல்லோரையும் ஒரே நிமிஷத்தில் கிளப்பிவிடும்.

கடைசி பஸ் விஷயம் சாதாரணமானது இல்லை. திருப்பனந்தாள், நாச்சியார்கோவில், பாபநாசம் பக்கத்துக் கிராமத்து ஜனம் கடை பார்க்க வருவது டவுன் பஸ்ஸில். 2021இலிருந்து பெண்களுக்கு அதில் டிக்கெட் காசு கிடையாது, அதனால் முன்னைவிட நிறையப் பெண்கள் தனியாகவும் கூட்டமாகவும் ராத்திரி கடைத்தெருவுக்கு வருகிறார்கள், பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஊருக்குக் கடைசி பஸ் ஒன்பதே முக்காலுக்கு என்றால், ஒன்பது மணிக்கு அத்தனை பேரும் ஒன்றாகக் கிளம்பித்தானே ஆக வேண்டும்? அந்த ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் நூறு போலீசை நிறுத்தினாலும் சரி, பத்தரைக்கு ஒன்று, பதினொன்றரைக்கு ஒன்று என்று இரண்டு பஸ் கூடுதலாக விட்டால் தானாகக் கரைகிற கூட்டம் அது. 2019இல் அரசாங்கம் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கடைகளை இருபத்துநாலு மணி நேரமும் திறக்கலாம் என்று ஆணை போட்டது. கடை திறந்திருக்கும், வீட்டுக்குப் போக வண்டி இருக்காது என்றால் அந்த ராத்திரி பைக் வைத்திருக்கிறவனுக்கும் கார் வைத்திருக்கிறவனுக்கும் மட்டும்தான்.

பைக் என்றதும் அடுத்த வயிற்றெரிச்சல். ஒரு ஸ்கூட்டியை ரோட்டுக்குக் குறுக்காக, மூஞ்சி கடையைப் பார்க்க நிறுத்தினால் ஆறடி போயிற்று. எதிர்ப்பக்கமும் அப்படியே. தெருவில் பன்னிரண்டு அடியை வாங்கிக்கொண்டு மிச்சத்தில் நடந்துகொள் என்கிறோம். அதையே நெடுக்காக, சுவரை ஒட்டி நிறுத்தினால் பக்கத்துக்கு இரண்டரை அடிதான். நெடுக்காக நிறுத்தினால் குறைவான வண்டிதான் நிற்கும், கடைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். தீபாவளிக்கு முந்தின நாலு நாள் ராத்திரியாவது கடைத்தெருவுக்குள் சக்கரம் உள்ளது எதுவும் நுழையக் கூடாது, கைக்குழந்தை வண்டியையும் மாற்றுத்திறனாளிகளின் வண்டியையும் ஆம்புலன்ஸையும் தவிர. எல்லா வருஷமும் தடுப்பு வைக்கத்தான் வைக்கிறார்கள். ஆனால் எங்கே? தெருவின் வாயிலேயே. அங்கே வந்து நின்று "சார், இங்கதான் சார் வீடு", "ஒரு நிமிஷம் மேடம், ஒரு பார்சல்" என்று வாக்குவாதம் பண்ணுகிறவர்களே ஒரு அடைப்பு. காந்தி பூங்காப் பக்கமே, இல்லை அதற்கும் முன்னாலேயே திருப்பிவிட்டால் சண்டை போடுகிறவன்கூட அகலமான ரோட்டில் நின்று போடுவான்.

சனிக்கிழமை இரண்டாவது ஆட்டம் விடுகிற நேரத்தில் ஒரு தியேட்டர் வாசலில் பலமுறை நின்றிருக்கிறேன். எந்தத் தியேட்டர் என்பது வேண்டாம், எல்லா ஊரிலும் இதே கதை. பார்க்கிங்கில் முந்நூறு பைக், வெளியே வர ஒரு கேட், கேட்டில் ஒருத்தர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டோக்கனை வாங்கிப் பார்த்து, காசு வாங்கி, சில்லறை தேடி, ஒவ்வொரு வண்டியாக விடுகிறார். வெளியே ஷேர் ஆட்டோக்கள் கேட்டை அடைத்துக்கொண்டு, எதிரே பரோட்டாக் கடையில் கொத்துச் சத்தம், கடை வாசலில் பரோட்டா வாங்க நிற்கிறவர்கள் ரோடு வரைக்கும். காசை உள்ளே வரும்போதே வாங்கிவிடக் கூடாதா? வரும்போது ஒவ்வொருவராகத்தானே வருகிறார்கள். இதைச் சொல்லி ஒரு வருஷம் ஆனது. அப்புறம் மாற்றினார்கள், மாற்றினதிலிருந்து கேட் பத்து நிமிஷத்தில் காலியாகிறது. ஆட்டோக்காரத் தம்பிகளிடம், "கேட்ல நிக்காதீங்க, அம்பது அடி தள்ளி வரிசையா நில்லுங்க, ஆளு தானா வரும்" என்று நானே சொல்லிப் பார்த்தேன். முதல் ஆள் நகர்ந்தால் இரண்டாவது ஆள் அந்த இடத்துக்கு வந்துவிடுவான், ஏக்கா இப்படிப் பண்றீங்க, பொழப்பு ஓட வேணாமா என்பான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எல்லோரையும் ஒரே நாளில் தள்ளி நிறுத்தினால்தான் அது நடக்கும், ஒருவனை மட்டும் நகர்த்த முடியாது.

கூட்டம் என்றாலே முதலில் தரைக்கடைகளைத் தூக்கு என்று சொல்கிறவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தீபாவளிக்கு முந்தின ராத்திரி பதினோரு மணிக்கு மேல் யார் வருகிறார்கள் என்று நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நடவு வேலைக் கூலி அன்றைக்குச் சாயங்காலம்தான் கைக்கு வந்திருக்கும். பெரிய கடையில் பிள்ளைக்கு ஒரு உடுப்பு எடுக்கிற காசில் தரைக்கடையில் மூன்று உடுப்பு. கடைக்காரனும் விடிந்தால் விலைபோகாது என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவான். அந்த ராத்திரியை நம்பித்தான் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். தெருவோர வியாபாரிகளுக்கு என்று 2014இல் மத்திய அரசு சட்டமே போட்டிருக்கிறது, ஊருக்கு ஒரு விற்பனைக் குழு, விற்க ஒதுக்கின இடம் எல்லாம் அதில் உண்டு. தரைக்கடைகளை ஒரு பக்கமாக மட்டும், விட்டு விட்டு, பத்துக் கடைக்கு ஒருமுறை ஆள் ஒதுங்க இடம் விட்டு வைத்தால் போதும். அந்த இடைவெளிதான் மழைக்கும் ஆம்புலன்ஸுக்கும். நாம் அதைத்தான் முதலில் இன்னொரு கடைக்கு வாடகைக்கு விடுகிறோம்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். பகல் கடைத்தெருவுக்கு நாளங்காடி, ராத்திரிக் கடைத்தெருவுக்கு அல்லங்காடி என்று தனித்தனிச் சொல் வைத்திருந்த பாஷை நம்முடையது. இதே காவிரி கடலில் சேர்கிற பூம்புகாரில் நாளங்காடி எங்கே இருந்தது என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவில், மரங்கள் நிறைந்த தோப்பில். அதாவது குடியிருப்புக்கு உள்ளே நெருக்கிக்கொண்டு இல்லை, இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து கலைய இடமிருக்கிற திறந்த வெளியில். நாம்தான் கோவில் வீதியிலேயே வீடு, கடை, பார்க்கிங், பந்தல் எல்லாவற்றையும் திணித்துவிட்டோம்.

மைக் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் கடைத்தெருவில் ராத்திரி முழுக்க ஒலிபெருக்கியில் ஒரே வாசகம்தான், "உங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும், திருடர்கள் ஜாக்கிரதை." இதைக் கேட்டதும் மக்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? நடுத்தெருவில் நின்று பையைத் திறந்து பர்ஸ் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். திருடனுக்கும் எந்தப் பையில் பர்ஸ் இருக்கிறது என்று தெரிந்துபோகிறது. "இடப்பக்கமாக நடங்கள், சந்தின் கடைசியில் கூட்டம் குறைவு, பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்கள் இந்த வழி" என்று சொல்ல அதே மைக் போதும். 2013இல் ஜப்பான் அணி உலகக் கோப்பைக் கால்பந்துக்குத் தகுதி பெற்ற ராத்திரி, டோக்கியோவில் ஷிபுயா நாற்சந்தியில் கொண்டாடக் கூடின கூட்டத்திடம் ஒரு போலீஸ்காரர் மைக்கில் அதட்டாமல் வேடிக்கையாகப் பேசி, நீங்களெல்லாம் அணியின் பன்னிரண்டாவது ஆட்டக்காரர்கள், ஆட்டக்காரர் விதியை மீறலாமா என்கிற மாதிரி சொல்லி, கூட்டத்தைச் சிரிக்கவைத்தே நகர்த்திவிட்டார். அவருக்கு அப்புறம் டிஜே போலீஸ் என்று பெயரே வந்துவிட்டது, மேலிடத்தில் பாராட்டும் கிடைத்தது. நம்ம ஏட்டய்யாக்களில் பேச்சு சாமர்த்தியம் உள்ளவர்களுக்கா பஞ்சம்? டீக்கடையில் அவர்கள் அடிக்கிற கிண்டலில் பத்தில் ஒரு பங்கை மைக்கில் அடித்தால் போதும்.

கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்காக, கடைக்கு வருகிற பெண்களிடம் நான் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன். கையைத் தூக்கி உன் மூக்கைத் தொட முடியவில்லை என்றால் அந்தக் கூட்டத்தில் இருக்காதே, அதற்கு முன்னாலேயே வெளியேறு. மாட்டிக்கொண்டால் இரண்டு முழங்கையையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வை, மூச்சு விட இடம் கிடைக்கும். செருப்பு போனால் போகட்டும், குனியாதே. எதிர்த்துத் தள்ளாதே, அலை ஓய்கிற நேரத்தில் சாய்வாக ஓரத்துக்குப் போ, ஆனால் சுவரில் ஒட்டாதே. பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொள். இவ்வளவுதான். இதைக் கேட்டுவிட்டு ஒரு பாட்டி, "அதுக்குப் பேசாம வீட்லயே இருந்துக்கறேன் போடி" என்றார்.

2016 மகாமகம்தான் எனக்கு முதல் பெரிய டூட்டி. பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தினார்கள். நான் நின்ற பக்கத்தில் இறங்குகிற படி வேறு, ஏறுகிற படி வேறு, குளித்தவர் வந்த வழியே திரும்பவே முடியாது. ஒரு அம்மா, "செருப்ப அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துட்டேன் தங்கச்சி, ஒரு நிமிஷம் விடேன்" என்று கெஞ்சினார், நான் விடவில்லை, சாபம்கூட வாங்கினேன். ஆனால் கூட்டம் ஒரு இடத்திலும் தேங்கவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற கூட்டத்துக்கு நமக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது, வருஷா வருஷம் வருகிற தீபாவளிக்கும் வாரா வாரம் வருகிற சனிக்கிழமைக்கும் மட்டும் தெரிவதில்லை. அடுத்த மகாமகம் 2028. அதற்குள் எத்தனை சனிக்கிழமை இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு குக்கர் கேஸ்கெட் வாங்க அதே பாத்திரக்கடைக்குப் போனேன். முதலாளி அடையாளம் கண்டுகொண்டு காபி வரவழைத்தார். பேசிக்கொண்டே கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அட்டைப்பெட்டி மறுபடியும் கூரை வரைக்கும் ஏறியிருந்தது, கதவில் புதுசாக ஒரு பூட்டு.

"சாவி எங்க முதலாளி?"

"வீட்டுக்காரர்ட்ட இருக்கும்மா. மெட்ராஸ்ல இருக்கார். தீபாவளிக்கு முன்னாடி வாங்கி வச்சிடறேன், நீங்க ஒரு போன் பண்ணி ஞாபகப்படுத்துங்க."

செல்போனில் ஐப்பசி முதல் தேதிக்கு ஒரு அலாரம் வைத்திருக்கிறேன்.